ஊரடங்கில் பாகுபாட்டுப் புகார்: எதை நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் தங்கை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதைச் சுருக்கித் தருகிறேன்.

“அக்கா, கொரோனா நேரத்தில் எங்கள் கம்பெனியில் புகார்க் கமிட்டி ஏழு மாதம் உட்காரவே இல்லை. அந்தச் சமயத்தில் சூப்பர்வைசர் மேல் பாலியல் புகார் கொடுக்க வந்த ஒரு பெண்ணை ‘எல்லாம் திறந்த பிறகு வாம்மா’ என்று அனுப்பிவிட்டார்கள். திறந்த பிறகு போனால் ‘மூன்று மாதம் தாண்டிப் போச்சு’ என்றார்கள். இப்போது புகார் நடைமுறையைத் திருத்தி எழுதப் போகிறார்கள். தொழிலாளர் தரப்பில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். மறுபடியும் அப்படி ஒரு நோய்க் காலம் வந்தால் என்ன செய்வது என்று அதில் எழுத வேண்டும். சாதி, மதம், நோய் என்று ஒதுக்கினாலும் இதே வழிதானா?”

நான் வேலூரில் வழக்கறிஞராக இருக்கிறேன். தொழிற்சாலைப் புகார்க் கமிட்டிகளில் வெளி உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன், 2020லும் இருந்தேன். அந்த அனுபவத்தையும் சட்டத்தையும் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் அந்தப் பெண்ணைப் பற்றி. அவரைத் திருப்பி அனுப்பியது இரண்டு தடவையும் தப்பு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013ன் 9வது பிரிவு, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்று சொல்வது உண்மைதான். அதே பிரிவு, வர முடியாத சூழ்நிலை இருந்தது என்று கமிட்டிக்குத் தெரிந்தால் காரணத்தை எழுதி வைத்துவிட்டு இன்னும் மூன்று மாதம் தரலாம் என்றும் சொல்கிறது. பஸ் ஓடாத, தெருமுனையில் தடுப்பு கட்டிய காலத்தை விடப் பெரிய காரணம் எது? தொடர்ச்சியாக நடந்த தொல்லை என்றால் கடைசிச் சம்பவத்தில் இருந்துதான் கணக்கு. ஊரடங்கில் அந்த ஆள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடைசி மெசேஜ் என்றைக்கு வந்தது என்று யாராவது கேட்டார்களா?

அதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 23ஆம் தேதி தானாக முன்வந்து ஒரு உத்தரவு போட்டது. வழக்கு, மனு எதற்கும் சட்டத்தில் இருக்கும் காலக்கெடு மார்ச் 15ல் இருந்து ஓடாது என்றது. நடுவில் அதை முடித்துவைத்தார்கள், இரண்டாம் அலை வந்ததும் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடைசியில் 2022 ஜனவரி 10ஆம் தேதி உத்தரவில், 15.3.2020 முதல் 28.2.2022 வரை உள்ள நாட்களை முழுசாகக் கழித்துவிட வேண்டும், அந்த இடைவெளியில் கெடு முடிந்தவர்களுக்கு 1.3.2022 முதல் 90 நாள் உண்டு என்று தெளிவாக்கினார்கள். நீதிமன்றங்களுக்கு மட்டும் இல்லை, நீதிமன்றம் போல விசாரித்து முடிவு சொல்லும் அமைப்புகளுக்கும் அது பொருந்தும் என்றது உத்தரவு. சாட்சியை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்ற அதிகாரம் கொண்ட உங்கள் கமிட்டியும் அந்த வகைதான் என்பது என் வாதம். ஆக, 2020 கடைசியில் அந்தப் பெண் வந்தபோது “கெடு தாண்டிவிட்டது” என்று சொல்லியிருக்கவே கூடாது. அவர் விருப்பப்பட்டால் தனியாக வந்து என்னோடு பேசட்டும். நடந்தது என்ன என்பதைப் பொறுத்து போலீஸ் வழி இன்னும் திறந்திருக்கலாம். தண்டனை மூன்று வருடத்துக்கு மேல் போகும் குற்றங்களுக்குக் காலக்கெடுவே கிடையாது.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஒரு புகாரில் மூன்று வேலை இருக்கிறது. வாங்குவது, விசாரிப்பது, கொடுத்தவரைப் பாதுகாப்பது. நோய்க் காலத்தில் விசாரிக்கும் முறையை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். வாங்குவதை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். பாதுகாப்பதை வழக்கத்தை விட வேகமாகச் செய்யுங்கள். 2020ல் பல இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். விசாரணை நடத்த முடியாது என்று சொல்லி வாங்குவதையே நிறுத்தினார்கள், பாதுகாப்பைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை.

வாங்குவது என்றால் பெட்டி வைப்பது இல்லை. அந்த வருடம் வேலூரில் ஒரு அலுவலக வாசலில் பார்த்ததைச் சொல்கிறேன். மேஜை மேல் தகரப் பெட்டி, மனுக்களை இதில் போடவும் என்று ஒரு காகிதம். ஆற்காட்டில் இருந்து ஒரு அம்மா காய்கறி வண்டியில் ஏறி வந்திருந்தார். மனுவை நனையாமல் இருக்க, கழுவிக் காயவைத்த பால் கவருக்குள் மடித்து வைத்திருந்தார். போட்டார். போட்ட பிறகும் பத்து நிமிடம் அங்கேயே நின்றார். அப்புறம் என்னிடம், “சீல் போட்டுத் தருவாங்களாம்மா?” என்று கேட்டார். யாரும் போட்டுத் தரவில்லை. இதில் பெரிய கொடுமை வேறு. 2019 நவம்பர் 28ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள், ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது. நான்கு மாதத்தில் ஊரடங்கு வந்தது. அந்த அம்மா இருபத்தைந்து கிலோமீட்டர் வந்து வேறு மாவட்டத்து வாசலில் மனுவைப் போட்டிருக்கிறார். ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் வாங்கும்போதே சொல்லியிருப்பார். பெட்டி சொல்லாது.

அதனால் உங்கள் நடைமுறையில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: கம்பெனி மூடியிருந்தாலும் புகார் வாங்க ஒரு ஆள் இருப்பார், அவர் பெயரும் போன் நம்பரும் கேட்டிலும், பஸ் ஏறும் இடத்திலும், சம்பளச் சீட்டிலும் இருக்கும், அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அடுத்தவர் யார் என்பதும் அங்கேயே இருக்கும். போனில் சொன்னாலும் வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினாலும் அன்றைக்குத் தேதி போட்டு நோட்டில் ஏற வேண்டும், புகார் கொடுத்தவருக்குப் பதிவு எண் போக வேண்டும். சட்டம் எழுத்தில் கேட்கிறதே என்பார்கள். எழுத முடியாதவருக்கு எழுதித் தர உதவுவது கமிட்டித் தலைவரின் கடமை என்று அதே 9வது பிரிவு சொல்கிறது. போனில் கேட்டு எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, கையெழுத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். போலீஸுக்கே இப்போது அப்படித்தான். 2024 ஜூலை 1ல் இருந்து நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், மின்னணு வழியில் தகவல் தரலாம், மூன்று நாளுக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது. எந்த எல்லையில் நடந்தது என்று பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் வாங்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த மாதிரி “முதலில் பதிவு, பிறகு கையெழுத்து” உங்களுக்கும் பொருந்தும்.

விதிகளில் ஆறு நகல் கேட்டிருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடை மூடியிருந்தபோது அந்த ஆறு நகலைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். ஒரு பிரதி போதும், மற்றதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்று எழுதிவிடுங்கள். தபாலையும் மறக்காதீர்கள். ஊரடங்கிலும் தபால் நிலையத்துக்கு விலக்கு இருந்தது. ஸ்பீட் போஸ்ட் ரசீதில் தேதி இருக்கும், அந்தத் துண்டுச் சீட்டு நீதிமன்றம் வரை நிற்கும்.

காலக்கெடு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சட்டத்தில் இருக்கும் கெடுவைக் கம்பெனி தன் விருப்பத்துக்கு நீட்ட முடியாது. அடுத்த தடவையும் உச்ச நீதிமன்றம் அதே மாதிரி உத்தரவு போடும் என்று நம்பி உட்காரவும் முடியாது. உங்களால் எழுத முடிவது இதுதான்: அரசு அறிவித்த நோய்க் கட்டுப்பாடு இருக்கும் காலத்தில் தாமதமாக வரும் புகாருக்குச் சட்டம் தரும் கூடுதல் மூன்று மாதத்தைக் கமிட்டி கேள்வி கேட்காமல் தரும், காரணத்தைக் கமிட்டியே எழுதி வைக்கும். அதையும் தாண்டி வந்தால், கம்பெனியின் நிலையாணைப்படி, அதாவது வேலை ஒழுங்கு விதிகளின்படி, ஒழுங்கீனம் என்று எடுத்து விசாரிக்கும். “கெடு முடிந்தது” என்று வாயால் சொல்லி அனுப்பக் கூடாது, மறுப்பதாக இருந்தால் எழுத்தில் மறுக்க வேண்டும். எழுத்தில் மறுத்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும்.

வெளிநாட்டில் இதை ஒரு இடத்தில் யோசித்துச் செய்தார்கள். அமெரிக்காவில் வேலையில் பாகுபாடு காட்டினால் புகார் கொடுக்கச் சம வேலைவாய்ப்பு ஆணையம் இருக்கிறது. அந்த ஆணையம் விசாரணையை முடித்து ஒரு நோட்டீஸ் கொடுக்கும், அதில் இருந்து 90 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். 2020 மார்ச்சில், கேட்டு வாங்கியவர்களுக்குத் தவிர மற்றவர்களுக்கு அந்த நோட்டீஸ் அனுப்புவதை நிறுத்திவைத்து ஆகஸ்ட் 3ல்தான் திரும்பத் தொடங்கினார்கள். நோட்டீஸ் போகாத வரை 90 நாள் ஓடத் தொடங்காது. வக்கீலைப் பார்க்க முடியாத காலத்தில் தொழிலாளியின் நாட்கள் வீணாகவில்லை. ஆனால் புகார் வாங்குவதை அவர்கள் நிறுத்தவில்லை, புகார் கொடுக்க அங்கே இருக்கும் 180 நாள், 300 நாள் கெடுவையும் நீட்டவில்லை. இதில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் கமிட்டி முடிவைக் கையில் கொடுத்ததும் மேல்முறையீட்டுக்கு 90 நாள் ஓடத் தொடங்கும். கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் அடைபட்டுக் கிடக்கும் பெண்ணிடம் அந்தக் காகிதத்தைத் திணித்துவிட்டுக் கணக்கு ஆரம்பமாகிவிட்டது என்று சொல்லாதீர்கள். எப்போது கையில் கொடுப்பது என்று அவரையே கேளுங்கள்.

இனி விசாரணை. வீடியோவில் நடத்தலாம், தப்பில்லை. ஆனால் வீட்டில் இருந்து பேசும் பெண் சுதந்திரமாகப் பேசுகிறாரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2020 ஜூலையில் ஒரு விசாரணை. நாங்கள் கமிட்டியில் மூன்று பேர், மூன்று வீட்டில். புகார் கொடுத்தவர் குடியாத்தம் அருகே ஒரு கிராமத்தில், ஒற்றை அறை வீட்டில். எழுத்தில் இரண்டு பக்கம் தந்தவர், அன்றைக்கு “ஆமாங்க”, “இல்லீங்க” தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. திரை ஓரத்தில் முறம் ஒன்று பாதி தெரிந்தது. நறுக், நறுக் என்று ஒரு சத்தம் விடாமல் கேட்டது. பீடி இலை வெட்டும் கத்திரி. மாமியார் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சூப்பர்வைசர் என்ன செய்தான் என்று அந்த இடத்தில் எந்த மருமகள் சொல்வார்? சிக்னல் சரியில்லை, நாளைக்குப் பேசலாம் என்று நானே நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை அவர் பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொண்டு அழைத்தார். நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசினார். முதல் நாள் பதிலை மட்டும் வைத்து முடித்திருந்தால் “புகார் நிரூபிக்கப்படவில்லை” என்று எழுதியிருப்போம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு பதறுகிறது.

அதில் இருந்து நான் பிடித்துக்கொண்ட பழக்கங்களைச் சொல்கிறேன். விசாரணைக்கு முன் ஒரு உறுப்பினர் தனியாக அழைத்து, எந்த நேரம், எந்த இடம் தோதுப்படும் என்று கேட்க வேண்டும். பேசுகிற போன் யாருடையது என்றும் கேட்க வேண்டும். கம்பெனிப் பதிவேட்டில் பல பெண்களுக்குக் கணவர் நம்பரோ அண்ணன் நம்பரோதான் இருக்கும். “உங்கள் பாலியல் புகார் விசாரணை நாளை பத்து மணிக்கு” என்று அந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் போனால் அந்த வீட்டில் அன்றிரவு என்ன நடக்கும்? பக்கத்தில் ஆள் வந்துவிட்டால் சொல்ல ஒரு சாதாரணச் சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளலாம். “பால் அடுப்பில் இருக்கு” என்றால் நிறுத்திவிட வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொண்டது. வீட்டில் இடமே இல்லை என்றால், இடைவெளி விட்டு நாற்காலி போட்ட ஒரு பொது இடத்தைக் கம்பெனி ஏற்பாடு செய்து, போய்வர வண்டியும் தர வேண்டும். அங்கன்வாடியோ, சுய உதவிக் குழுக் கட்டடமோ ஊருக்கு ஒன்று இருக்கும்.

எதிர்த்தரப்பையும் மறந்துவிடக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புகார் நகல் ஏழு வேலை நாளில் போக வேண்டும், பதில் தர அவருக்குப் பத்து வேலை நாள் உண்டு. அவர் காய்ச்சலோடு மருத்துவமனையில் படுத்திருந்தால் அந்தப் பத்து நாளை நேர்மையாக நிறுத்திவைக்கத்தான் வேண்டும். குறுக்குக் கேள்வியை எழுதிக் கொடுக்கச் சொல்லித் தலைவர் வழியாகக் கேட்கலாம், நேருக்கு நேர் திரையில் வைக்க வேண்டியதில்லை. யாரும் பதிவு செய்யக் கூடாது என்று இரண்டு பக்கமும் எழுதி வாங்குங்கள். கமிட்டியில் தலைவரையும் சேர்த்துக் குறைந்தது மூன்று பேர் உட்கார வேண்டும் என்பது விதி. ஒருவர் தனிமைப்படுத்தலில் இருந்தால் எண்ணிக்கை குறைந்துபோகும், அதனால் மாற்று உறுப்பினர்களை இப்போதே நியமித்து வையுங்கள். உறுப்பினர் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகாது. சரியாக ஊரடங்கின் நடுவில் காலம் முடிந்து, கமிட்டியே இல்லாமல் கிடந்த கம்பெனியும் உண்டு. வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுக்காமல் முழுசாக ஏற்றுமதி செய்து வைக்கச் சொல்லுங்கள், போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும் என்ற கெடு கமிட்டிக்கு. அதை நீட்டும் வசதியை நடைமுறையில் எழுதாதீர்கள். கெடு தளர்வது புகார் கொடுப்பவருக்காக. விசாரிப்பவருக்கும் சேர்த்துத் தளர்த்தினால் நோய்க் காலம் முடிந்த பிறகும் அந்தத் தளர்வு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு இடம் இருக்கிறது, அங்கேதான் கண் வைக்க வேண்டும். 2020 மே மாதம் தொழிற்சாலைகள் பாதி ஆட்களோடு திறந்தபோது யாரைக் கூப்பிட்டார்கள், யாரைக் கூப்பிடவில்லை? கட்டிங்கில் இத்தனை, தையலில் இத்தனை என்று லைன் சூப்பர்வைசர்தான் பெயர் எழுதிக் கொடுத்தார். புகார் கொடுத்த பெண்ணை வேலையை விட்டு எடுத்ததாக எந்தக் காகிதமும் இருக்காது, “அடுத்த வாரம் சொல்றோம்” என்று பத்து வாரம் ஓட்டிவிடுவார்கள். கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி, கட்டுப்பாட்டுப் பகுதித் தெருக்காரர் எல்லாரும் அந்த வரிசையில் விழுந்தார்கள். எனவே திரும்ப அழைக்கும் பட்டியலை எந்த அடிப்படையில் போட்டார்கள் என்று எழுதி ஒட்ட வேண்டும், புகார் நிலுவையில் இருப்பவர் பெயரைக் குற்றம் சாட்டப்பட்ட சூப்பர்வைசர் முடிவு செய்யக் கூடாது. இடைக்கால நிவாரணம் 12வது பிரிவில் இருக்கிறது. புகார் கொடுத்தவர் எழுதிக் கேட்டால் இருவரில் ஒருவரை இடம் மாற்றலாம், வழக்கமான விடுப்புக்கு மேல் மூன்று மாதம் வரை விடுப்பும் தரலாம். நோய்க் காலத்தில் அந்தக் கோரிக்கைக்கு 48 மணி நேரத்தில் பதில் என்று எழுதுங்கள். கம்பெனி பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதுகூட அதில் சேரும், சீட்டைப் பாதியாகக் குறைத்தபோது அதே ஆள் பக்கத்தில் உட்கார வேண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, சாதி, மதம், நோய். இங்கே வழி ஒன்று இல்லை, தனித்தனி.

சாதி என்றால் கம்பெனிக் கமிட்டியோடு நிறுத்தாதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ன்கீழ் நேராக வழக்குப் பதிவு செய்ய வேண்டும், முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தத்தில் 18ஏ பிரிவு சொல்கிறது. ஸ்டேஷனில் மனு வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பினால் அதோடு திரும்பிவிடாதீர்கள், எஃப்ஐஆர் நகல் கேளுங்கள். பதிய மறுக்கும் பொது ஊழியருக்கே 4வது பிரிவில் தண்டனை இருக்கிறது. டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாவட்டக் கண்காணிப்புக் குழுக் கூட்டம், இவை எல்லாம் விதியில் இருக்கின்றன. நோய்க் காலத்தில் கூட்டம் கூட முடியாது என்று சொன்னால், வீடியோவில் கூட்டுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உதவிக்கு 14566 என்ற எண் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி பெறலாம், அதற்கு 15100.

நோய் வந்ததால் புதுசாகச் சாதி முளைப்பதில்லை, இருக்கும் பாகுபாட்டுக்கு ஒரு சாக்கு கிடைக்கிறது. 2019 ஆகஸ்ட்டில், கொரோனாவுக்கு ஏழு மாதம் முன்பு, வாணியம்பாடி அருகே பாதை தராததால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தில் இருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. அப்படி ஒரு வழித்தடத்தில் “நோய் பரவும்” என்ற வார்த்தையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சென்னையில் 2020 ஏப்ரலில் தொற்றால் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலஸுக்கே அடக்கம் செய்ய இடம் விடாமல் கல்லெறிந்தார்கள்.

அந்தக் கல்லெறி நடந்த அதே ஏப்ரலில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, செப்டம்பரில் அது சட்டமானது. சுகாதாரப் பணியாளரைத் தாக்கினாலும், அவர் வாழும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ தொல்லை கொடுத்தாலும் ஜாமீனில் வர முடியாத குற்றம். இன்ஸ்பெக்டர் 30 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும், ஒரு வருடத்தில் தீர்ப்பு வர முயல வேண்டும். நர்ஸ் வேலை செய்கிறவரை வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்ன கதை வேலூரில் யாருக்கும் புதுசு இல்லை. நான் இந்தச் சட்டத்தை இங்கே இழுப்பதற்குக் காரணம் அந்த 30 நாள். நோய்க் காலம் என்றால் எல்லாவற்றையும் தள்ளிப்போடத்தான் வேண்டும் என்பவர்களிடம் இதைக் காட்டுங்கள். அதே நோய்க் காலத்தில்தான் கெடுவைச் சுருக்கவும் செய்தார்கள்.

இதைவிட நல்ல மாதிரி ஒன்று எச்ஐவி சட்டத்தில் இருக்கிறது. 1986ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை நம்ம வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்ஐவி இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. வேலை, வாடகை வீடு, சிகிச்சை எதிலும் எச்ஐவி உள்ளவரை ஒதுக்கக் கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வர 2018 செப்டம்பர் ஆனது. முப்பத்திரண்டு வருடம். ஆனால் வந்தபோது புகார் வழியை நன்றாக யோசித்து எழுதினார்கள். மாநிலத்தின் குறைதீர்ப்பாளர் 30 நாளில் உத்தரவு போட வேண்டும், உயிர்போகும் அவசரம் என்றால் கூடிய வரை 24 மணி நேரத்தில். 100 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில், மருத்துவமனை என்றால் 20 பேரோ அதற்கு மேலோ, ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். காட்பாடிப் பக்கம் கரிகிரியில் 1955ல் இருந்து தொழுநோய்க்கு மருத்துவமனை நடத்தி வரும் ஊர் நம்முடையது. குணமானவரைக்கூட வீட்டுக்குள் விடாத குடும்பங்களை இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதனால் “சாதாரணப் புகார், அவசரப் புகார்” என்று இரண்டு கெடு வைக்கும் அந்த முறையை அப்படியே உங்கள் நடைமுறைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன்.

மதம்தான் கஷ்டமான இடம். 2020 மார்ச் கடைசியில் டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாத் கூட்டத்தை ஒட்டி ஒரு மதத்தையே நோயோடு சேர்த்துப் பேசிய பேச்சு நாடு முழுக்கப் பரவியது. எந்தச் சமூகத்தையும் நோய்க்குக் காரணமாகக் காட்டக் கூடாது என்று ஏப்ரல் 8ல் மத்திய சுகாதாரத் துறையே அறிவுரை விட வேண்டியிருந்தது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ஒரே லைனில் தோளோடு தோள் உட்கார்ந்து தைத்தவர்களுக்கு அந்த வாரங்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடை, ஓட்டல் போன்ற பொது இடங்களில் மதத்தைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15வது பிரிவு சொல்கிறது. ஆனால் தனியார் கம்பெனிக்குள் மதம் பார்த்து ஒதுக்கினால் போய் நிற்க, பாலியல் புகாருக்கு இருப்பது போல ஒரு தனிச் சட்டக் கமிட்டி நம் நாட்டில் கிடையாது. எல்லா வகைப் பாகுபாட்டுக்கும் பொதுவான சட்டமும் இல்லை. அதனாலேயே உங்கள் கம்பெனி நடைமுறை முக்கியமாகிறது. சாதி, மதம், ஊர், நோய், உடல் குறை, பாலினம், திருநங்கை என்பது, கர்ப்பம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். “எந்தப் பாகுபாடும் கூடாது” என்று ஒரே வரியில் எழுதினால் ஒருவருக்கும் உதவாது. “ஊர்” என்பதை விட்டுவிடாதீர்கள். சிகிச்சைக்கு வந்து வேலூர் லாட்ஜ்களில் மாட்டிக்கொண்ட ஜார்கண்ட், வங்காளக் குடும்பங்களை அப்போது எல்லாரும் பார்த்தோம், 2020 மே மாதம் காட்பாடியில் இருந்து அவர்களுக்காகச் சிறப்பு ரயில் விட்டார்கள். உங்கள் தொழிற்சாலையிலும் வடக்கில் இருந்து வந்தவர்கள் இருந்தால் புகார் எண் இந்தியிலும் எழுதியிருக்க வேண்டும்.

கம்பெனிக்கு வெளியே, வீட்டில் பீடி சுற்றுபவர், வீட்டு வேலை செய்பவர், பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை, இவர்களுக்குப் பாலியல் புகார் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. தாலுகாவிலும் நகராட்சியிலும் புகாரை வாங்கி ஏழு நாளில் அந்தக் குழுவுக்கு அனுப்ப ஒரு தொடர்பு அதிகாரி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூர் மாவட்டம், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர். உங்கள் ஆட்கள் ஆம்பூரில் இருந்தும் வருவார்கள் என்பதால் இரண்டு மாவட்டத் தொடர்பு அதிகாரியின் எண்ணையும் எழுதி வையுங்கள். மாநில மனித உரிமை ஆணையம் என்றால் ஒரு வருடத்துக்குள், தபாலிலும் அனுப்பலாம்.

நடைமுறை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை எழுத மறந்துவிடுவார்கள், அதைக் கடைசியாகச் சொல்கிறேன். அரசு நோய்க் கட்டுப்பாடு அறிவித்த அன்றே தானாக நடைமுறைக்கு வர வேண்டும், நிர்வாகம் கையெழுத்துப் போட்டால்தான் என்று வைக்காதீர்கள். கட்டுப்பாடு நீங்கி 90 நாள் வரை தொடரட்டும். பஸ் ஓடத் தொடங்கியதும் புகார் வந்துவிடாது, கடனை அடைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, அப்புறம்தான் ஒரு பெண் தன் விஷயத்தை எடுப்பார்.

வரைவை எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கம்பெனி வக்கீல் திருத்திய பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள், அவர் எந்த வரியை அடித்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே பேரணாம்பட்டு வந்துவிடுகிறேன், உங்கள் லைன் பெண்களையும் கூட்டி வையுங்கள்.